கொடி நட்ட இடம்

அந்தக் குடிநீர் நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் அலுவலகத்துக்காரர்களுக்கு அவள் லேப் அக்கா. மணலும் ஜல்லியும் ஏற்றி வரும் லாரிக்காரர்களுக்குக் குருவி மேடம். தான் மல்லுக்கட்டுவது குருவிக்காக இல்லை, ஆள்காட்டிப் பறவைக்காக என்று ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும் நின்று விளக்கம் கொடுத்தாள். அப்புறம் வாய் வலித்துப்போய், பறவை என்ற மட்டுக்கும் புரிந்தால் போதும் என்று விட்டுவிட்டாள். இந்த வருடம் யாராவது வந்து கேட்டிருந்தால்கூட விளக்கியிருப்பாளா என்பது சந்தேகம்தான். அவ்வளவு அலுத்துப் போயிருந்தாள்.

ஆள்காட்டிக்கு எல்லாம் இருக்கிறது. நீளமான மஞ்சள் கால், கறுப்புத் தலை, கண்ணுக்கு முன்னால் ஒரு துண்டு சிவப்புச் சதை, ஆள் வாடை பட்டால் போதும் ஊரையே கூட்டிவிடுகிற குரல். கூடு கட்ட மட்டும் தெரியாது. மரமும் வேண்டாம், புதரும் வேண்டாம். வெட்டவெளியில் நாலு கல்லைக் காலால் தள்ளிவிட்டு, அந்தப் பள்ளத்தில் முட்டையிட்டு உட்கார்ந்துவிடும். முட்டையும் கல் நிறம்தான், கல்லின் புள்ளிதான். நிலையத்தின் பின்பக்கத்து ஜல்லிக்கிடங்கு அதற்கு ரொம்பத் தோதான இடம். வடிகட்டும் தொட்டிகளில் தேய்ந்துபோன மணலையும் ஜல்லியையும் மாற்றுவதற்காக லாரிகள் கொட்டுவதும் அங்கேதான், அள்ளுவதும் அங்கேதான். பறவையும் லாரியும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டால் யார் ஜெயிப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், சக்கரத் தடத்தில் முட்டை நசுங்கி மஞ்சளாக வழிந்து கிடப்பதையும், தாய்ப்பறவை அதையே சுற்றிச் சுற்றி நடப்பதையும் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். வேலி போடுகிறேன் என்று சூப்பிரண்டிடம் போய் நின்றாள். அவர் உச்சுக்கொட்டிவிட்டு, வேலி எல்லாம் ஆகாது, குச்சியில் துணி கட்டி நட்டுக்கொள் என்று பெரிய மனசு பண்ணினார். வாஷிங் மெஷின் பழுதுபார்க்கிற அவள் கணவர், படுக்கையறையில் தொங்கிய சிவப்புத் திரைச்சீலையைக் கத்தரித்துக் கொடிகள் தைத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்த ஜன்னலுக்கு வேறு திரை வாங்கிப் போட இருவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. இவர்கள் எப்போது எழுந்திருக்கிறார்கள், எப்போது சண்டை போடுகிறார்கள் என்பதெல்லாம் எதிர்வீட்டுக்காரர்களுக்கு அத்துப்படி.

கூடு கண்ணில் பட்டால் பக்கத்தில் ஒரு கொடி. கொடியைக் கண்டால் லாரி ஒதுங்கிப் போக வேண்டும். இதுதான் ஏற்பாடு. கேட்டிலும் ஓர் அட்டையில் இதை எழுதிக் கட்டினாள். எந்தக் கட்சி மேடம் நீங்க என்று லாரிக்காரர்கள் கேலி பேசினாலும் ஒதுங்கித்தான் போனார்கள், அல்லது அப்படிச் சொன்னார்கள். ஆனால் வருடா வருடம் கொடி நட்ட இடத்தில் கொடி மட்டும்தான் மிஞ்சியது. முட்டை காணாமல் போய்விடும். பல ஜோடிகள் இருந்த கிடங்கில் சில ஜோடிகள் ஆயின. இந்த வருடம் வந்தது ஒரே ஜோடி. ஆள்காட்டிக் குஞ்சு பொரித்த அன்றைக்கே எழுந்து நடந்துவிடும் என்று படித்திருக்கிறாளே தவிர, இத்தனை வருடத்தில் ஒரு குஞ்சு அந்த ஜல்லியில் நடந்து அவள் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்று நடந்து போவதைப் பார்த்துவிட்டால் போதும், அதற்கப்புறம் இந்தப் பக்கமே திரும்ப மாட்டேன் என்று கணவரிடம் சொல்லியிருந்தாள். அவர் அதை நம்பவில்லை, ஆனால் குஞ்சு வேண்டும் என்று அவரும் ஆசைப்பட்டார்.

பழியை அவள் போட்டது மீசைக்காரர் மேல். கிடங்குக்கு வருகிற டிரைவர்களில் மூத்தவர் அவர். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது திரும்பிப் பார்க்காமலே எடுப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் முட்டை போனபோது எல்லோருக்கும் முன்னால் அவரை நிற்க வைத்துக் கேட்டுவிட்டாள். நான் ஏத்தலை, என் பிள்ளைங்க மேல சத்தியம் என்றார் அவர். பிள்ளைகளை எதற்கு இழுக்கிறீர்கள் என்று அதற்கும் ஒரு சண்டை. அதிலிருந்து அவர் அவளைக் கண்டால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

இந்த வருடம் அந்த ஒற்றை ஜோடி முட்டையிட்டதும் வழக்கம்போல ஒரு சாயங்காலம் போய்க் கொடி நட்டாள். நட்டுவிட்டு வந்தவளுக்குக் காய்ச்சல். மறுநாள் விடுப்பு கிடைக்கவில்லை, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். காலையில் வந்ததும் கிடங்குக்குப் போய்க் கூட்டை ஒரு பார்வை பார்ப்பது அவள் வழக்கம். அன்றைக்குப் படியிறங்கிப் போகக் காலில் தெம்பில்லை. மாடியில் பரிசோதனைக் கூடத்து ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு, கையில் டீயோடு சும்மா நின்றாள். இத்தனை வருடத்தில் அந்தக் கிடங்கை மேலேயிருந்து சும்மா பார்த்ததே கிடையாது. எப்போதும் அதற்குள்ளேதான் நின்றுகொண்டிருப்பாள்.

ஒரு காக்கை வந்து கொடிக்குச்சியின் மேல் உட்கார்ந்தது. ஆள்காட்டி கத்திக்கொண்டு அதன் மேல் பாய்ந்தது. காக்கை பறந்து சற்றுத் தள்ளிப் போய் உட்கார, ஆள்காட்டி அங்கேயும் அதைத் துரத்திக்கொண்டு போயிற்று. அந்த நேரம் பார்த்து இன்னொரு காக்கை, கடைக்குப் போகிறவனைப் போல நிதானமாக நடந்து வந்தது. கொடிக்குச்சியின் அடியிலிருந்து தேட ஆரம்பித்தது. ரொம்ப நேரம் தேடத் தேவைப்படவில்லை. ஒரு முட்டையைக் கொத்தித் தூக்கிக்கொண்டு சுவரைத் தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடியும் போயிற்று. அவள் ஜன்னலைத் தட்டினாள், கத்தினாள். படியிறங்கி ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நான்கு முட்டையும் இல்லை. கொடி மட்டும் ஜோராகப் பறந்துகொண்டிருந்தது.

அங்கேயே ஜல்லியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பள்ளத்தில் ஈரம் இல்லை, ஓடு இல்லை, மஞ்சள் கறை இல்லை. போன வருடமும் இல்லை, அதற்கு முந்தின வருடமும் இல்லை. லாரி ஏறியிருந்தால் கறை இருக்கும். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் தேடிக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள், முட்டை நசுங்கியதாக நம்பிய இடத்தில் ஏன் கறையே இல்லை என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. யாராவது வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டால் தேவலாம்போல் இருந்தது.

சந்தேகம் தீர வேண்டுமே என்று மறுநாள் ஒன்று செய்தாள். முட்டையே இல்லாத ஓர் இடத்தில் ஒரு கொடியை நட்டுவிட்டு மாடிக்கு ஏறிப் போனாள். அவள் ஜன்னலுக்கு வருவதற்குள் காக்கை வந்துவிட்டது. குச்சியைச் சுற்றிச் சுற்றி நடந்து, கல்லைப் புரட்டிப் பார்த்து, ஏமாந்து போயிற்று. நேற்றைய கொடியை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புதிதாக நடுகிற கொடி என்றால்தான் அதற்குப் புதுக் கடை திறந்த மாதிரி.

பறவைக்குத்தான் ஆள்காட்டி என்று பெயர். அது பாவம் முட்டை மேல் அடக்கமாக உட்கார்ந்திருக்க, காட்டிக் கொடுத்ததெல்லாம் இவள்தான்.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதுகுவலிக்குத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கேட்டார். இத்தனை வருடம் முட்டையைக் காக்கைக்குப் பந்தி வைத்துப் பரிமாறியிருக்கிறேன், அதற்கு வீட்டுத் திரைச்சீலையை வேறு கிழித்திருக்கிறேன் என்று அவள் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது.

"விட்டுடேன். நீ ஒண்ணுமே செய்யாம இருந்தா அதுங்க நல்லா இருக்கும்போல இருக்கு" என்றார் அவர்.

மனசு நோகச் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் ராத்திரி முழுக்க அவள் கூடவே படுத்திருந்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு சுலபமான காரியம், அதை எத்தனை வருடம் முன்னாலேயே செய்திருக்கலாம் என்று தோன்றியது. அப்படியே விட்டுவிட்டால் லாரி ஏறும் என்பதும் தெரிந்தது.

அந்த ஜோடி போய்விடவில்லை. முட்டை போனால் பருவம் முடிவதற்குள் மறுபடியும் இடுகிற ஜாதி அது. கொஞ்ச நாளில், கிடங்கின் ஓரமாக உடைந்த குழாய்களை அடுக்கி வைத்திருக்கும் பக்கத்தில் ஒன்று உட்காருவதும் இன்னொன்று காவல் நிற்பதும் மாடியிலிருந்து தெரிந்தது. வெயில் ஏறினால் ஒன்று தொட்டிப் பக்கம் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் உட்காரும். இந்த முறை அவள் கிட்டே போகவில்லை. அதற்குப் பதிலாகத் தினமும் காலையில் கிடங்கின் மறுகோடியில் ஒரு கொடியைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டாள். காக்கைகள் வந்தன, தேடின, ஏமாந்தன. கொடியோடு வெயிலில் அலைகிறவளைப் பார்த்து அலுவலகத்தில் லேப் அக்காவுக்கு முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள். காக்கையின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்கே அவளுடைய தெம்பெல்லாம் செலவாகிக்கொண்டிருந்தது.

லாரிக்காரர்களிடம்தான் சொல்லியாக வேண்டும். இத்தனை வருடம் கொடி இருக்கும் பக்கம் போகாதே என்றவள், இப்போது கொடியை மதிக்காதே, கொடி இல்லாத பக்கம் போகாதே என்று எந்த வாயால் சொல்வது? யோசித்து யோசித்துக் கடைசியில் மீசைக்காரரின் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். அவர் கண்ணாடியை ஏற்றப் போனார். அவள் கதவில் கையை வைத்துக்கொண்டு காக்கை விஷயத்தைச் சொன்னாள். மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை, ஆனால் மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணேன், நம்பலை. காக்கா சொல்லித்தான் நம்பியிருக்கீங்க."

"ஆமாண்ணே" என்றாள் அவள்.

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து குழாய் அடுக்கிய பக்கம் ஒரு வண்டியும் போகவில்லை. மற்ற டிரைவர்களுக்கு அவர் என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ, அவளுக்குத் தெரியாது. அவரைப் பார்த்தால் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைப்பாள். அவர் பழையபடி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

நாட்கள் போயின. அவள் நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டாள், ஏனென்றால் பார்த்தால் இறங்கிப் போகத் தோன்றும். முட்டை வைத்து முக்கால்வாசிக் காலம் தாண்டிவிட்டது. அவ்வளவு தூரம் ஒரு கூடும் வந்ததில்லை. வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று கணவரிடம் தன்னையும் மீறிச் சொல்லிவிட்டாள். சொன்னபிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

மீசைக்காரர் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை என்று விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக வேறு கிடங்கிலிருந்து ஒரு மாற்று டிரைவரை அனுப்பினார்கள். நடுத்தர வயது, பருமனான உடம்பு, ரொம்பப் பணிவானவர். பார்க்கிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்வார். அவரிடம் குழாய் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் வந்த அன்றைக்கு அவள் மேலதிகாரிகளின் ஆய்வுக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, நாள் முழுக்கப் பின்பக்கம் வரவே இல்லை.

மறுநாள் காலையில் வந்து, பையை வைத்துவிட்டு, கிடங்கின் மறுகோடிக்குக் கொடி மாற்றப் போனாள். ஒரு கொடியைக் காணோம். திரும்பிப் பார்த்தாள். குழாய் அடுக்கிய பக்கத்தில் சிவப்பாக ஒன்று பறந்துகொண்டிருந்தது.

அவள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ஆள்காட்டிகள் இரண்டும் தொட்டிச் சுவரில் நின்றுகொண்டிருந்தன. கத்தவில்லை. கத்துவதற்கு இனி ஒன்றும் இல்லை. பள்ளம் சுத்தமாக இருந்தது. லாரித் தடம் கூட்டுக்கு எவ்வளவோ முன்னாலேயே நின்று, வளைந்து, குழாய்களைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. யாரோ ரொம்ப அக்கறையாக வண்டியை ஓட்டியிருக்கிறார்கள்.

பின்னாலிருந்து மாற்று டிரைவர் வந்தார். காலையில் அவளைத் தேடி மாடிக்குப் போய்விட்டு வருகிறார்போலிருக்கிறது, மூச்சு வாங்கியது. முகம் முழுக்கச் சந்தோஷம்.

"நீங்கதான் அந்த மேடமா? நேத்து சாயங்காலம் இந்தப் பறவை வண்டிக்கு முன்னால வந்து ரெக்கையை விரிச்சுக்கிட்டு நின்னுச்சு. ஹாரன் அடிச்சாலும் நகர மாட்டேங்குது. எறங்கிப் பாத்தா முட்டை. கேட்டுல அட்டையில எழுதியிருக்கீங்களே, முட்டையைக் கண்டால் பக்கத்தில் கொடி நடவும்னு. அதே மாதிரி அங்கேர்ந்து ஒரு கொடியை எடுத்தாந்து நட்டுட்டு, வண்டியைச் சுத்தி எடுத்துக்கிட்டுப் போனேன். சரிதானுங்களே?"

அட்டை. வெயிலில் வெளுத்து, கேட்டின் கம்பியில் கட்டித் தொங்கிக்கொண்டிருக்கிற அட்டை. அவள் கையெழுத்துதான். வருடக்கணக்காக அதன் பக்கத்தில் நடந்து போய் நடந்து வந்து, அது அங்கே இருப்பதே அவள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. காக்கைக்குக் கொடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வாரங்கள் பிடித்திருக்கும். அவளுக்கு வருடங்கள் பிடித்தன. இந்த மனிதர் வந்த முதல் நாளே ஒரு அட்டையைப் படித்துவிட்டு, ஒருத்தர் சொல்லாமலே, பாரம் ஏற்றிய வண்டியை ஒரு பறவைக்காக நிறுத்தியிருக்கிறார். இப்படி ஒரு ஆள் வர மாட்டானா என்றுதான் அவள் இத்தனை வருடம் ஏங்கினாள். கோபப்பட வேண்டும் என்று பார்த்தாள். யார் மேல் படுவது என்று தெரியவில்லை.

அவர் குனிந்து பள்ளத்தைப் பார்த்தார்.

"அட, பொரிச்சுக் கிளம்பிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவர் சந்தோஷமாகப் போவார். அவளும் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் அதையே சொல்லிவிட்டு, இனிமேல் இந்தப் பக்கம் திரும்புவதில்லை என்ற வாக்கைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஒரு நிமிஷம் அது ரொம்ப நிம்மதியான வழியாகத் தோன்றியது.

"இல்லைங்க. காக்கா எடுத்துட்டுப் போயிடுச்சு."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "கொடி வெச்சுமா?"

"கொடி வெச்சும்" என்றாள்.

அவர் கொடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தப்பு எங்கே நடந்தது என்று அவருக்குப் புரியவில்லை, ஆனால் தன் பேரில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் பட்டிருக்க வேண்டும். கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்தக் கைகளைப் பார்த்ததும் அவளுக்கு மீசைக்காரர் சத்தியம் பண்ணின நாள் கண்ணுக்கு முன்னால் வந்தது. குனிந்து கொடியைப் பிடுங்கி, துணியைக் குச்சியில் சுற்றினாள்.

"நீங்க வண்டியை நிறுத்தினீங்களே, அதை இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்லை. இதுங்க இன்னொரு தடவை முட்டை வைக்கும். எங்க வைக்கும்னு தெரியாது. முன்னால வந்து நின்னா இதே மாதிரி நிறுத்துங்க, சுத்திக்கிட்டுப் போங்க. அவ்வளவுதான். எறங்க வேணாம், கொடி வேணாம், யார்கிட்டயும் சொல்லவும் வேணாம்."

அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் தயங்கிக்கொண்டே சொன்னார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்லிடறேன் மேடம். நீங்கதானே பாத்துக்கறீங்க."

தொட்டிச் சுவரிலிருந்து ஆள்காட்டி ஒன்று இறங்கி, ஜல்லியில் கொஞ்ச தூரம் நடந்து நின்றது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"என்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.